மயக்கம் தெளிவித்த மகா கருணை

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் இல்லறச் சீடர்களுள் கிரீஷ் சந்திர கோஷைப் போல அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவர் வேறொருவர் இல்லை. அவரைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவரும் இல்லை எனலாம். வங்க நாடகத்தின் தந்தை என்று போற்றப்படும் அவர் பெருங்குடியராக வாழ்ந்தவர். பின்னர் பெரும் பக்தராக மலர்ந்தவர். அவரது வாழ்க்கையைக் கேட்கும் ஒருவர், குருதேவரே கிரீஷைக் குடிக்காதே என்று தடுக்கவில்லை, என்னை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். மற்றொருவரோ, அருள் கிடைத்துவிட்டால் மது ஒரே நாளில் விட்டுப்போகும், எனக்கு அது விட்டுப்போகவில்லை, ஆகவே நான் அருளுக்குத் தகுதியற்றவன் என்று மனம் உடைந்து போகிறார்.

கொச்சி நகரின் காக்கநாட்டில் இரவு பகலாகக் கணினியின் முன் அமர்ந்து பணியாற்றும் நம் தமிழ் இளைஞர்களிடமும், மட்டாஞ்சேரியின் சரக்குக் கிடங்குகளில் மூட்டை சுமந்து வாழும் தொழிலாளர்களிடமும் இவ்விரண்டு எண்ணங்களையும் காணலாம். வேலை பறிபோகுமோ என்ற கலக்கம், கடன், ஊரை விட்டு வந்த தனிமை ஆகியவற்றை அடக்க ஒரு கிண்ணம் என்று தொடங்கிய பழக்கம், சில ஆண்டுகளில் அதே கலக்கத்தைப் பல மடங்காக்கித் திருப்பித் தருகிறது. இத்தகையோருக்கு கிரீஷின் வாழ்க்கை என்ன சொல்கிறது? அதை முதலிலிருந்து சிந்திப்போம்.

அன்பிற்கு ஏங்கிய இளமை

கிரீஷ் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் பிறந்தார். தந்தை நீலகமல் கோஷ் கணக்கர், உலகியலில் கெட்டிக்காரர். தாய் ராயமணி பக்தி மிக்கவர். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்த அந்தத் தாய், தம் அன்பே குழந்தைக்குக் கேடு விளைவிக்குமோ என்று அஞ்சி, கிரீஷை நெருங்க விடாமல் வைத்திருந்தார். தாயின் மடிக்கு ஏங்கிய சிறுவனுக்கு அதன் காரணம் விளங்கியபோது காலம் கடந்துவிட்டது. பதினோரு வயதில் தாயையும் பதினான்கு வயதில் தந்தையையும் இழந்தார். கண்டிப்பதற்கு ஆளில்லை, அணைத்துக்கொள்வதற்கும் ஆளில்லை. கூர்மையான அறிவு, அடங்காத உணர்ச்சி, யாருக்கும் தலைவணங்காத பிடிவாதம் ஆகியவை மட்டுமே துணையாக அவர் வளர்ந்தார்.

1862-இல் நுழைவுத் தேர்வில் தோற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. ஆனால் படிப்பு முடியவில்லை. ஆங்கில இலக்கியத்தையும் மேனாட்டுத் தத்துவத்தையும் தாமே ஆழ்ந்து கற்றார். ஆங்கில வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். பாக்பஜார் இளைஞர்களின் கூட்டத்திற்குத் தலைவரானார். அக்காலக் கல்கத்தாவில் மது அருந்துவது புதிய நாகரிகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அதன் விளைவுகளைக் கண்டு கலங்கிய பியாரி சரண் சர்க்கார் போன்ற கல்வியாளர்கள் 1860-களிலேயே மதுவிலக்குச் சங்கம் அமைத்துப் போராடினார்கள். வங்கக் கவிதையைப் புதுப்பித்த மைக்கேல் மதுசூதன தத்தர், குடியாலும் கடனாலும் சிதைந்து 1873-இல் தமது 49-ஆம் வயதில் மறைந்தார். கிரீஷ் இவற்றையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவர். ஆயினும் பார்ப்பது வேறு, விடுவது வேறு.

1869-இல் தீனபந்து மித்ராவின் சதபார் ஏகாதசி என்ற நாடகத்தில் அவர் நிம்சந்த் என்ற வேடத்தில் நடித்தார். கல்வியும் அறிவும் நிறைந்தும் குடியால் அழிகின்ற ஓர் இளைஞனின் பாத்திரம் அது. அவரது நடிப்பைக் கண்டு நகரமே வியந்தது. மேடையில் குடிகாரனின் அவலத்தை அத்தனை துல்லியமாகக் காட்டியவரால், மேடையை விட்டு இறங்கிய பின் அதிலிருந்து விலக முடியவில்லை. மதுவின் தீமையை அறியாததால் ஒருவர் குடிக்கிறார் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

துயரமும் அச்சமும்

1874-ஆம் ஆண்டின் இறுதியில் அவரது மனைவி பிரமோதினி காலமானார். உடன்பிறந்தார் சிலரையும் காலன் ஏற்கெனவே கொண்டு சென்றிருந்தான். துயரத்தைக் கவிதையில் கொட்டினார். மதுவில் கரைக்க முயன்றார். கடவுள் உண்டா என்ற ஐயம் ஒருபுறம்; இல்லையென்றால் இந்த வேதனைக்கு என்ன பொருள் என்ற தவிப்பு மறுபுறம்.

அந்நாட்களில் அலுவல் நிமித்தம் பாகல்பூருக்குச் சென்றிருந்தபோது நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. நண்பர்களுடன் சுற்றிக்கொண்டிருந்த கிரீஷ் ஆழமான ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டார். மேலே ஏற வழி தெரியவில்லை. கடவுளை நம்பாத உன்னால்தான் இந்த ஆபத்து, பிரார்த்தனை செய் என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். அவரும் பிரார்த்தித்தார், வழியும் புலப்பட்டது. வெளியே வந்தவர் ஓர் உறுதி எடுத்துக்கொண்டார். இன்று அச்சத்தால் இறைவனை அழைத்துவிட்டேன். இனி அழைத்தால் அன்பினால் மட்டுமே அழைப்பேன், இல்லையேல் அழைக்கவே மாட்டேன் என்பதே அது. நாத்திகம் பேசிய அந்த வயதிலேயே அச்சத்திற்கும் அன்பிற்கும் உள்ள வேறுபாட்டை அவர் உள்ளம் அறிந்திருந்தது. பிற்காலத்தில் அவரது வாழ்க்கை இந்த வேறுபாட்டின் மீதே திரும்பியது.

இரண்டாம் திருமணத்திற்குப் பிறகு வாந்திபேதி நோய் அவரை மரணத்தின் வாயில் வரை கொண்டு சென்றது. அப்போது சிவப்புக் கரையிட்ட புடவை அணிந்த தாய் ஒருவர் தோன்றிப் பிரசாதம் ஊட்டியதாக ஒரு காட்சி கிட்டியது, நோயும் நீங்கியது. அவர் மனம் மெல்லக் கனியத் தொடங்கியது. தமக்கு ஒரு குரு வேண்டும் என்று உணர்ந்தார்; அதே வேளையில் ஒரு மனிதரைக் குருவாக ஏற்பதற்கு அவரது அகந்தை இடம் தரவில்லை.

1880-இல் அவர் 150 ரூபாய் ஊதியம் தந்த அலுவலகப் பணியை உதறிவிட்டு, 100 ரூபாய் ஊதியத்தில் நேஷனல் தியேட்டரின் மேலாளரானார். 1883-இல் ஸ்டார் தியேட்டர் எழுந்தது. எழுதுவது, பயிற்றுவிப்பது, நடிப்பது என்று நாள் முழுவதும் உழைப்பு. உழைப்பின் ஒவ்வோர் இடைவெளியிலும் மது. தாம் குடித்த புட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இமயத்தின் சிகரத்தை எட்டும் என்று பின்னாளில் அவரே சொல்வதுண்டு.

தட்சிணேசுவரத்து வைத்தியர்

ஸ்ரீராமகிருஷ்ணரை கிரீஷ் முதன்முதலில் தீனநாத் பாசுவின் இல்லத்தில் கண்டார். விளக்கேற்றிய பின்னும் பொழுது சாய்ந்துவிட்டதா என்று பரவச நிலையில் கேட்ட அவரைப் பார்த்து, இது வெறும் நடிப்பு என்று முடிவு கட்டித் திரும்பினார். பிறகு பலராம் பாசுவின் வீட்டில் ஒருமுறை கண்டார். 1884-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஸ்டார் தியேட்டரில் கிரீஷின் சைதன்ய லீலை நாடகத்தைக் காண குருதேவரே வந்தார். அன்று தொடங்கிய தொடர்பு, சில சந்திப்புகளிலேயே கிரீஷின் உள்ளத்தை முழுவதும் கவர்ந்துகொண்டது.

நள்ளிரவில் குடிபோதையில் அவர் தட்சிணேசுவரத்திற்கு வண்டியில் சென்றதுண்டு. உலகமே கதவடைக்கும் அந்த நேரத்தில் குருதேவர் எழுந்து வந்து, அவரது கைகளைப் பற்றிக்கொண்டு இறைவன் நாமத்தைப் பாடி ஆடினார். மற்றொரு சமயம், போதையோடு வந்தவரின் பொருட்களை வண்டியிலிருந்து எடுத்து வரும்படி அன்பர் ஒருவரை அனுப்பினார். அவற்றுள் மதுப்புட்டியும் இருந்தது. அதையும் பத்திரமாக வைக்கச் செய்தார். சுற்றியிருந்தோர் திகைத்தார்கள், கிரீஷ் நாணினார்.

ஒருநாள் தியேட்டரில் போதை தலைக்கேறிய நிலையில் கிரீஷ் குருதேவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டார். அன்பர்கள் கொதித்தார்கள். அப்போது ராம்சந்திர தத்தர், காளியன் என்னும் பாம்பு கண்ணனிடம் முறையிட்டதை நினைவூட்டினார். விஷத்தையே கொடுத்துப் படைத்த இறைவனுக்குப் பாம்பு அமுதத்தையா அர்ப்பணிக்க முடியும் என்பதே அதன் கருத்து. அதைக் கேட்ட குருதேவர் உடனே வண்டி ஏற்பாடு செய்து கிரீஷின் வீட்டிற்குச் சென்றார். தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தவரை அந்தக் கருணை எழுப்பி நிறுத்தியது.

இந்த நிகழ்ச்சிகளைக் குடிக்க அளித்த அனுமதியாகப் பார்ப்பவர் வைத்தியரின் பொறுமையை நோயின் நியாயமாகக் கருதுகிறார். கிரீஷை ஊரார் ஏற்கெனவே போதிய அளவு இகழ்ந்திருந்தார்கள். அந்த இகழ்ச்சி அவரைப் புட்டியிடமே திரும்ப அனுப்பியது. இகழ்ச்சிக்கு அஞ்சுபவன் ஒளிந்து குடிப்பான். ஒளிந்து குடிப்பவனுக்கு யாரும் உதவ முடியாது. குருதேவர் செய்த முதல் காரியம், கிரீஷ் எந்த நிலையிலும் ஒளியத் தேவையில்லாத ஓர் இடத்தை உண்டாக்கியதுதான். பாகல்பூர்ப் பள்ளத்தில் அவர் விரும்பிய அன்பு, இங்கே அவரைத் தேடி வந்தது.

சுமையை இறக்கி வைத்தல்

தாம் என்ன செய்ய வேண்டும் என்று கிரீஷ் கேட்டபோது, காலையிலும் மாலையிலும் இறைவனை நினைத்தால் போதும் என்று குருதேவர் கூறினார். கிரீஷ் மௌனமாக இருந்தார். நாடகம், ஒத்திகை, வழக்கு என்று அலையும் தம்மால் அதைக்கூட உறுதியாகச் செய்ய இயலுமா என்ற தயக்கம். பொய்யான வாக்குறுதி தர அவர் விரும்பவில்லை. அப்படியானால் உணவு உண்ணும் முன்னும் உறங்கும் முன்னும் நினைத்தால் போதும் என்று நிபந்தனை தளர்த்தப்பட்டது. அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. முடிவில், எல்லாப் பொறுப்பையும் தம்மிடம் ஒப்படைத்துவிடும்படி குருதேவர் அருளினார். வழக்காடுபவன் வக்கீலுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தருவதைப் போன்ற இந்த ஏற்பாட்டை வங்காளத்தில் பகல்மா என்பார்கள்.

கிரீஷ் மகிழ்ந்தார், இனி விதிமுறை ஏதும் இல்லை என்று எண்ணினார். விரைவிலேயே அதன் ஆழம் தெரிந்தது. ஒருமுறை ஏதோ ஒரு செயலைத் தாம் செய்யப் போவதாகக் கூறியபோது குருதேவர் திருத்தினார். அதிகாரத்தை ஒப்படைத்தவன் நான் செய்வேன் என்று சொல்லலாகாது, இறைவன் திருவுள்ளம் எனில் நடக்கும் என்றே எண்ண வேண்டும் என்று உணர்த்தினார். அன்று முதல் ஒவ்வொரு செயலின்போதும், ஒவ்வொரு மூச்சின்போதும் இதை நான் என் பலத்தால் செய்கிறேனா, அவர் செய்விக்கிறாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நாளுக்கு இருமுறை நினைக்க முடியாது என்று தயங்கியவர், நாள் முழுவதும் நினைக்கும்படி ஆயிற்று.

மனக்கலக்கத்தால் வருந்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். நாளை என்ன ஆகுமோ என்ற எண்ணத்தின் அடியில், எல்லாவற்றையும் நானே தாங்கி நிறுத்தியாக வேண்டும் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. மது அந்தச் சுமையைச் சில மணி நேரம் மறக்கச் செய்கிறது. விழித்தவுடன் வட்டியோடு திருப்பித் தருகிறது. சரணாகதி சுமையை மறக்கச் செய்வதில்லை. அதைச் சுமப்பவர் வேறொருவர் என்று தெளியச் செய்கிறது. ஆனால் அது சோம்பல் அன்று. கிரீஷ் தியேட்டரை விட்டுவிட எண்ணியபோது குருதேவர் தடுத்தார். நாடகத்தால் மக்களுக்கு நல்லறிவு கிடைக்கிறது, தொடர்ந்து செய் என்று பணித்தார். பலனின் கவலை மட்டும் நீங்க வேண்டும், பணி நீங்கலாகாது.

மெல்ல விலகிய மது

1886-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் காசிப்பூர்த் தோட்டத்தில் குருதேவர் கற்பகத்தருவாக அன்பர்களுக்கு அருள்புரிந்தபோது, அவர் திருவடியில் முதலில் மண்டியிட்டவர் கிரீஷ். அதே ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அதன் பிறகு கிரீஷின் இரண்டாம் மனைவி மறைந்தார். அவர் தெய்வக் குழந்தையாகவே எண்ணிப் போற்றிய ஆண் மகவும் ஏறத்தாழ மூன்று வயதில் இறந்தது. அதிகாரத்தை ஒப்படைத்துவிட்ட தமக்கு முறையிட உரிமையில்லை என்று அவர் அந்தப் பேரிடியைத் தாங்கினார்.

1891-இல் ஜெயராம்பாடிக்குச் சென்ற அவர், முன்பு நோய்ப் படுக்கையில் தமக்குப் பிரசாதம் ஊட்டிய தாய், அன்னை ஸ்ரீசாரதாதேவியாரே என்று கண்டுகொண்டார். இளமையில் கிட்டாத தாயின் மடி நாற்பத்தேழாம் வயதில் கிட்டியது. மது அவரை விட்டு ஒரே இரவில் விலகவில்லை. தன்மீது ஆட்சி செலுத்திய பிடி ஆண்டுகளின் போக்கில் தளர்ந்து, பின்னர் அற்றுப்போயிற்று.

1889-இல் அவர் எழுதிய பிரபுல்லா என்ற நாடகம் அவரது உள்நிலையை உணர்த்துகிறது. நேர்மையான வணிகன் யோகேஷ், தன் பணம் இருந்த வங்கி வீழ்ந்த செய்தி கேட்டுக் கலங்கி மதுவை நாடுகிறான். அந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டு வழக்கறிஞனான தம்பி சொத்தைப் பறிக்கிறான். மனைவி தெருவில் உயிர் விடுகிறாள். செழித்த குடும்பம் கருகிப்போகிறது. பின்னாளில் கிரீஷே யோகேஷாக நடித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் நிம்சந்தாக நடித்தபோது குடியின் கோலத்தைக் காட்டியவர், இப்போது அதன் வேரைக் காட்டினார். கலக்கத்திற்கு மருந்தாகக் குடிப்பவன் நோயையே குடிக்கிறான் என்பதே அந்த நாடகம் காட்டும் உண்மை.

வேறொரு தளை வேண்டாம்

ஒன்றை விட்டவர் மற்றொன்றில் சிக்குவது உலகெங்கும் காணப்படும் துயரம். குருதேவர் ஸ்டார் தியேட்டருக்கு வந்த அதே 1884-ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் வியன்னா நகரில் இளம் மருத்துவரான சிக்மண்ட் பிராய்டு, மார்ஃபின் பழக்கத்தில் சிக்கிய தம் நண்பர் பிளைஷ்லுக்கு மாற்றாக கோக்கைனைப் பரிந்துரைத்தார். விளைவு, நண்பர் அதற்கும் அடிமையானார், 1891-இல் மாண்டார். அமெரிக்காவின் பில் வில்சன் 1934 டிசம்பரில் மதுவை விட்டவர். 1935-இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இயக்கம் தோன்றக் காரணமானவர். இலட்சக்கணக்கானோர் மதுவை விட வழிகாட்டியவர். மருத்துவமனையில் அவர் படித்துத் தெளிவு பெற்றது வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட சமய அனுபவங்களைப் பற்றிய நூல். சுவாமி விவேகானந்தரின் கருத்துகளையும் எடுத்தாளும் நூல் அது. அத்தகையவரும் மதுவை விட்ட பின் பல ஆண்டுகள் மனச்சோர்வால் வருந்தினார். சிகரெட்டை நெடுங்காலம் விட முடியாமல் நுரையீரல் நோயால் 1971-இல் மறைந்தார். அவரது பெருமை இதனால் குறையவில்லை. நமக்கு எச்சரிக்கை கிடைக்கிறது.

மதுவுக்குப் பதில் தூக்க மாத்திரை, புகையிலை, கஞ்சா, கைப்பேசியில் சூதாட்டம் என்று எது வந்தாலும் அதை அளக்கச் சில கேள்விகள் உண்டு. நாளுக்கு நாள் அதன் அளவு கூடுகிறதா? வீட்டாரிடம் மறைக்க வேண்டியிருக்கிறதா? கடமையிலிருந்து விலக்குகிறதா? கிடைக்காதபோது நடுக்கம் வருகிறதா? ஆம் எனில் பழைய தளைக்குப் புதிய பெயர் வந்திருக்கிறது என்று பொருள். பக்தியையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். கிரீஷின் பக்தி அவரைக் கடமையிலிருந்து விலக்கவில்லை. முன்னிலும் மிகுதியாக எழுதினார். ஹோமியோபதி கற்று அண்டை அயலிலிருந்த ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்தார். அவரது அன்பு விரிந்தது. போதை மனிதனைச் சுருக்குகிறது, அன்பு விரிக்கிறது.

வைத்தியரை நாடுவதும் அருளே

இங்கே இன்றைய மருத்துவ அறிவு தரும் எச்சரிக்கை ஒன்றை அவசியம் கூற வேண்டும். நீண்ட நாட்களாக அன்றாடம் மிகுதியாகக் குடித்தவர், வைராக்கியத்தால் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மதுவின் மந்தத்திற்குப் பழகிய மூளை, அது திடீரென நின்றதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, பெரும் அச்சம் ஆகியவை தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்கு இல்லாதவை கண்ணில் தெரிவதும், இடம் காலம் மறந்து பிதற்றுவதும், காய்ச்சலும் உண்டாகும். இந்நிலை மரணத்தில் முடிவதும் உண்டு.

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை அணியும் அன்று காலையே குடியை நிறுத்துபவர்கள் நம்மிடையே பலர். அவர்களின் பக்தி போற்றத்தக்கது. ஆனால் அன்றாடம் குடித்து வந்தவர் விரதத்திற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு, அவர் மேற்பார்வையில் நிறுத்துவதே அறிவுடைமை. வலிப்போ பிதற்றலோ ஏற்பட்டால் விரதபங்கம், தெய்வ குற்றம் என்று எண்ணிக் காலம் தாழ்த்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் மூளையின் கிளர்ச்சியை அடக்கும் மாத்திரைகளைத் தந்து படிப்படியாகக் குறைப்பார். குடியால் குறைந்துபோன பி1 வைட்டமினையும் தருவார். அந்த மாத்திரைகளை அவர் சொன்ன நாளுக்கு மேல் தாமாக வாங்கித் தொடர்வதுதான் அடுத்த தளையின் தொடக்கம். மது நின்ற பின் முதல் சில வாரங்கள் மனக்கலக்கம் கூடுதலாகத் தோன்றும். இது மூளை தன் இயல்புக்குத் திரும்பும் காலம். இப்படித்தான் இனி வாழ வேண்டுமோ என்று அஞ்சி மீண்டும் குடிப்பவர் பலர். பொறுத்தவருக்கு அது பெரும்பாலும் தணிகிறது. அதன் பின்னும் கலக்கம் நீடித்தால், பழக்கத்தை உண்டாக்காத மருந்துகளும் உளவியல் ஆலோசனையும் உண்டு. ஒழுங்கான உறக்கம், நடைப்பயிற்சி, சீரான மூச்சு, ஜபம், நல்லோர் கூட்டுறவு ஆகியவை அவற்றிற்குத் துணை நிற்கும்.

மருத்துவரை நாடுவது நம்பிக்கைக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். குருதேவர் தம் இறுதி நோயின்போது, 1876-இல் கல்கத்தாவில் அறிவியல் கழகம் நிறுவிய டாக்டர் மகேந்திரலால் சர்க்காரின் சிகிச்சையை ஏற்றார். அவரே ஏற்றதை நாம் மறுப்பது எப்படிப் பக்தியாகும்? சென்னையில் 1980 முதல் டி.டி.கே. மருத்துவமனை இப்பணியைச் செய்து வருகிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. கேரள அரசு 2016-இல் விமுக்தி என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டணமின்றி ஆலோசனை பெற 14446 என்ற எண்ணும், மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணும் நாடு முழுவதற்கும் உள்ளன. 1920-களின் தொடக்கத்தில் ஸ்ரீ நாராயண குரு, மதுவைக் காய்ச்சவோ கொடுக்கவோ குடிக்கவோ கூடாது என்று அறிவுறுத்திய மண் கேரளம். கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்த தம் மக்களிடமே அவர் அதைக் கூறினார். மகான்களின் அறிவுரையும் மருத்துவரின் துணையும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இறுதிப் பிரார்த்தனை

முதுமையில் ஆஸ்துமா கிரீஷை வாட்டியது. ஆயினும் அவர் பேனா ஓயவில்லை. 1910-இல் சங்கராசாரியார் நாடகத்தையும், 1911-இல் தபோபலத்தையும் படைத்தார். பின்னதை மறைந்த சகோதரி நிவேதிதைக்குக் காணிக்கையாக்கினார். 1911-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் இரவு, கொட்டும் மழையிலும் நாடகம் காண வந்தவர்களை ஏமாற்ற மனமின்றி, பலிதான் நாடகத்தில் ஏழைத் தந்தையாக மேலாடையின்றி நடித்தார். அன்று பற்றிய குளிர் அவரது உடல்நலத்தைக் குலைத்தது. 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் அவர் குருதேவரின் திருவடியை அடைந்தார்.

இறுதி வேளையில், தம்மை அழைத்துச் செல்ல குருதேவர் வந்துவிட்டதாக உணர்ந்த அவர் ஒரே ஒரு வரத்தை வேண்டினார். இந்த உலகத்தின் போதையைத் தீர்த்தருள வேண்டும் என்பதே அது. புட்டியின் போதை எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. அதைவிட நுட்பமான போதைகள் உண்டு என்பதை அறியும் அளவிற்கு அந்தத் தெளிவு ஆழ்ந்திருந்தது.

ஆகவே, குருதேவர் தடுக்கவில்லையே என்று கேட்பவர், கிரீஷின் முதல் பாதியை மட்டும் படித்தவர். எனக்கு ஒரே நாளில் விட்டுப்போகவில்லையே என்று அழுபவர், அதன் நீளத்தை அறியாதவர். ஒளிந்துகொள்ள வேண்டாம், தனியாகப் போராட வேண்டாம். இன்றே ஒரு மருத்துவரிடமும், அன்புள்ள ஒருவரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். குடும்பத்தாரும் இகழ்ச்சியை நிறுத்தி, உடன் நின்று சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். தடுமாறி விழுந்தால் மீண்டும் எழுங்கள். நள்ளிரவில் போதையோடு வந்தவரின் கையைப் பற்றிக்கொண்ட அந்தக் கருணை எவருடைய கையையும் விலக்குவதில்லை.